சுனையில் ஊறும் பால்

மேற்கு மலைகளுக்குப் பின்னே கதிரவன் சாய்ந்துவிட, கீழ்வானில் எழுந்த முழுமதி ஆற்றங்கரையெங்கும் பரந்து கிடந்த பகைவர் கூடாரங்களுக்கு வெள்ளி பூசிக்கொண்டிருந்தது. மலையுச்சியில், வேங்கைக்குன்றக் கோட்டையின் தலைவி குறிஞ்சிநங்கை பகைவரின் தூதனைச் சுனைக்கு அழைத்து வந்தாள்.

அன்புள்ள வாசகர்களே, அந்தச் சுனையைச் சாமானியமாக எண்ணிவிடாதீர்கள். வரையாடு ஒன்று பாறையை நக்குவதைக் கண்டு நங்கையின் முன்னோர் உளி வைத்துத் திறந்த ஊற்று அது. பிறந்த குழந்தையின் நாவில் முதலில் படுவதும், முடிசூடும் மன்னன் தலையில் விழுவதும், வீரர்களின் புண்ணைக் கழுவுவதும், காய்ச்சிய வாளைக் குளிர்விப்பதும் அதுவே. ஆனால் அதை நீர் என்று சொல்லிப் பாருங்கள், கோட்டைவாசிகள் முறைப்பார்கள். சுனை அவர்களுக்குத் தாய், ஊறுவது பால். அவ்வளவு கர்வம். ஏழு தலைமுறையாக வற்றாத சுனைக்கு உரியவர்கள் கர்வப்படாமல் என்ன செய்வார்கள்?

இந்தக் கோடையில் அது வற்றிக்கொண்டிருந்தது.

"சுனை வறண்டிருந்தால் விடிந்ததும் தாக்குவோம். ஊறினால் முற்றுகை வீண், திரும்பிவிடுவோம். பார்த்து வரச் சொன்னார் தளபதி" என்றான் தூதன்.

நங்கை மறைக்கவில்லை. அடிப்பாறையில் தேங்கியிருந்ததை வழித்துச் சுரைக்குடுவையில் எடுத்தாள், பாதிகூட நிறையவில்லை. அதை அவனிடம் நீட்டினாள்.

"விருந்தினருக்குக் கொடுத்த பிறகே நாங்கள் குடிப்போம். அருந்துங்கள், தூதரே."

அவன் பருகினான். பிறகு தன்னையறியாமல், "பால் குளிர்ந்திருக்கிறது" என்றான்.

நங்கை திடுக்கிட்டாள். "அந்தச் சொல்லை உமக்கு யார் கற்பித்தார்?"

"யாருமில்லை, தேவி. நினைவு தெரிந்த நாள் முதல் பாசறையில் வளர்ந்தவன் நான். தாய் தந்தை யாரென்றும் அறியேன்."

"இருபது ஆண்டுகளுக்கு முன் உங்கள் படை இங்கிருந்து ஒரு மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிச் சென்றது. என் அத்தை மகன், எயினன். அந்தச் சொல் இந்த மதில்களுக்கு வெளியே கிடையாது."

அவன் மண்டியிட்டு, ஈரப் பாறையில் நெற்றியை வைத்தான். எழுந்தபோது அவன் கண்கள் நிறைந்திருந்தன. குடுவையில் எஞ்சியதை அவளிடமே கொடுத்துவிட்டுப் படியிறங்கினான்.

"தளபதியிடம் என்ன சொல்வீர்?" என்று கேட்டாள் நங்கை. "இந்தக் கோட்டையில் பிறந்தவர்கள் பொய் சொல்வதில்லை."

எயினன் திரும்பிப் பார்த்தான்.

"சுனைத்தாயிடம் இன்னும் பால் இருக்கிறது, நானே பருகினேன் என்று சொல்வேன். இதில் பொய் எங்கே இருக்கிறது, நங்கை? அவர்கள் ஆற்றைக் கடந்ததும் நான் வீடு திரும்புவேன்."