பன்னிரண்டில் நிறுத்தியிருக்கலாம்

"ஏங்க, அது நான் எடுத்து வச்ச பியூரெட்."

"உங்க பேர் எழுதியிருக்கா என்ன?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இப்படியும் கண்களா... வெளியே மழை வேறு. சரியான சோடாபுட்டி என்று மனதுக்குள் திட்டிப் பார்த்தாள். சிரிப்புதான் வந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு வேலை. செய்முறைத் தேர்வுக்கு மிஞ்சியவர்கள் இவர்கள் இருவர். "கிடைக்கலைன்னா நாளைக்கே மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, அண்ணன் வாசலில் காத்திருந்தான். போட்டிக்கு வந்த எவனையும் நம்பாதே என்றும் சொல்லியிருந்தான்.

இருவருக்கும் கொடுத்த ஒரே கரைசலில் வெள்ளியும் ஈயமும் கலந்திருந்தன. பியூரெட் குழாயிலிருந்து குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெள்ளியை மட்டும் வீழ்படிவாக இறக்க வேண்டும். வெள்ளி குளோரைடுக்குக் கரைதிறன் பெருக்கம் மிகக் குறைவு, நீரில் கரையவே கரையாது. முதலில் அதுதான் விழும். அளவு மீறினால் ஈயமும் கூடவே விழும். இரண்டும் ஒரே வெள்ளை. எங்கே நிறுத்துவது என்று கண் சொல்லாது, கணக்குதான் சொல்லும். அவளுடைய கணக்கில் பன்னிரண்டு மில்லி வந்திருந்தது.

பன்னிரண்டைத் தொட்டபோது பக்கத்திலிருந்து மெல்லிய குரல்... "போதும், நிறுத்திடுங்க."

இவனுக்கென்ன இவ்வளவு அக்கறை? வெள்ளி முழுசாக இறங்காமல் நான் கோட்டை விடட்டும் என்றுதானே... அந்தக் கண்களை நம்பத் துடித்த மனசின் மேல்தான் அவளுக்குக் கோபம். வீம்புக்கென்றே இன்னும் மூன்று மில்லி விட்டாள்.

தேர்வாளர் வீழ்படிவை வெந்நீரில் அலசினார். அதில் ஈயம் மட்டும்தான் கரையும். அலசிய நீரில் குரோமேட் விட்டதும் மஞ்சளாகத் திரண்டது.

"ஈயமும் இறங்கிடுச்சேம்மா" என்றார்.

வேலை அவனுக்குப் போனது. மழையில் நனைந்தபடி வாசல்வரை ஓடி வந்தான்.

"நல்லதுக்குத்தாங்க சொன்னேன். இந்த வேலை எனக்கு வேணும்தான்... ஆனா உங்களைப் பாத்தப்புறம், நீங்க தோத்துடக் கூடாதுன்னு இருந்துச்சு."

"என் கணக்கும் பன்னிரண்டுதாங்க."

"அப்புறம் ஏன்?"

சாலையோரம் அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டு, சீக்கிரம் வா என்று கையசைத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"பாத்ததுமே உங்களைப் பிடிச்சுப் போச்சு... அதனாலதான் நம்பல."

சொல்லிவிட்டு, போய் அண்ணனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.