பின் சீட்டில் இடமில்லை

கார் வந்து சேர்ந்தபோது விருத்தாசலம் செராமிக் பேட்டையில் மதியச் சாப்பாட்டு வேளை. அச்சில் பொம்மை வார்த்த கையைக்கூடக் கழுவாமல் இனியவன் வாசலுக்கு ஓடினான்.

ஆன்லைன் ஏலத்தில் எடுத்தது. ‘ஒரே ஓனர், தண்ணீர் படாத வண்டி’ என்று போட்டிருந்தார்கள். நேரில் போய்ப் பார்க்கவில்லை. விற்ற சுப்புராயன் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“வூட்ல சின்னப் பசங்க இருக்காங்களா சார்?”

“ஒரே பொண்ணுங்க. அஞ்சு வயசு.”

“அப்ப உங்களுக்குத்தான் வண்டி.”

அந்த அக்கறையில் இனியவன் உருகிப்போனான்.

உள்ளே ஈரக் களிமண் வாசனை அடித்தது. தன் கை வாசனைதான் என்று நினைத்துக்கொண்டான். இந்த ஊரில் மண் வாசனையை யார் சந்தேகப்படுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குக் கிளம்பினார்கள். மகள் வெண்பா பின் சீட்டில் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்டி பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு வர? நடுவுல தாராளமா உக்காரு” என்றாள் வளர்மதி.

“எடம் இல்லம்மா.”

வளர்மதி சிரித்தாள்.

க்ளிக்.

காலி இருக்கையின் பெல்ட் தானாகப் பூட்டிக்கொண்டது.

மறுநாள் மெக்கானிக் கருப்பன் அந்த பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான்.

“வாங்குறதுக்கு முன்னாடி இப்படி இழுத்துப் பாக்கலயாண்ணே?”

அடியில் மண்கோடு. இனியவன் விரலில் தேய்த்துப் பார்த்தான். செராமிக் மண் இல்லை, ஏரி வண்டல்.

“முழுசா மூழ்குன வண்டி. இங்க பாருங்க, பெல்ட்ட அறுத்துட்டு ஒட்டுத் தையல் போட்டிருக்கான். யாரோ உள்ள மாட்டியிருக்காங்கண்ணே.”

போனில் கேட்டபோது சுப்புராயன் மறுக்கவே இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னொரு புள்ளயப் பாத்தாத்தான் அது வுடும் சார். எம் பையனும் மூணு மாசம் ஓரமாத்தான் உக்காந்து வந்தான். நீங்களும் ஏலத்துல போட்டுடுங்க. புள்ள இருக்குதான்னு மட்டும் கேட்டுக்குங்க.”

இனியவன் அன்றே போட்டான். ‘தண்ணீர் படாத வண்டி.’ வேப்பூரிலிருந்து பாலகிருஷ்ணன் என்பவர் கூப்பிட்டார்.

“வூட்ல சின்னப் பசங்க இருக்காங்களா சார்?” தன் குரலில் இவ்வளவு கனிவு இருந்தது அவனுக்கே ஆச்சரியம்.

“ரெட்டப் பொண்ணுங்க.”

“அப்ப உங்களுக்குத்தான் வண்டி.”

பாலகிருஷ்ணன் வந்தார். கிளம்பும் முன் வெண்பா பின் சீட்டில் கடைசியாக ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கினாள். கார் தெருமுனை திரும்பியது.

வெண்பா வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

நட்டநடுவில்.

இனியவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தலையைத் தடவினான்.

முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

போன் அடித்தது. “சார், பின்னாடி காலியாத்தான் இருக்குது. ஆனா பெல்ட்டு பூட்டிக்கிச்சு, கழட்ட முடியல. ஒரு புள்ள ‘அப்பா, அப்பா’ன்னு அழுவுற சத்தம் கேக்குது சார்…”

பாயிலிருந்தவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வண்டல் வாசனை அடித்தது.

“எடம் கெடச்சிடுச்சுப்பா” என்றாள்.