ஒன்றாம் போர்ட்

அப்பாவின் விரல் நின்ற பிறகும் திரையில் ஓர் எழுத்து விழுந்தது.

ஈரத்துணியும் கையுமாக அவள் அப்படியே நின்றாள். மழை மூட்டத்தில் பகல் மூன்று மணிக்கே அறை இருட்டிவிட்டது. ஜன்னல் பூட்டிக்கிடந்ததால் உள்ளே மருந்தும் தைலமும் பழைய கம்ப்யூட்டரில் சூடேறிய தூசியும் கலந்த வாடை. அதற்கு நடுவே அப்பாவின் மூச்சு, அடைபட்ட குழாய்த் தண்ணீரைப் போல இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. பச்சை எழுத்தில் 'ஆபரேஷன் வேண்டாம்' என்பது வரை அவர் விரல் அசைந்ததைப் பார்த்தாள். 'மா' மட்டும் பிறகு வந்தது.

அப்பா தந்தி ஆபரேட்டராக இருந்தவர். பக்கவாதம் அவருக்கு விட்டுவைத்தது ஒரே ஒரு விரலைத்தான். அதனடியில் ஒரு பொத்தான். அவர் தந்தி அடிப்பதுபோலத் தட்டுவதைச் சின்னப் பெட்டி ஒன்று எழுத்தாக்கி, ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அவளுக்குத் தந்தி பாஷை தெரியாது. இரண்டு வருடமாக அவள் கேட்ட அப்பாவின் குரல் அந்தத் திரைதான். நர்ஸ் வேண்டாம் என்றது, அனுப்பிவிட்டாள். ஜன்னலைத் திறக்காதே என்றது, பூட்டினாள். அப்பா சொல்லி அவள் மறுத்ததே இல்லை.

"நாலு மணிக்குள்ள சொல்லுங்க," என்றிருந்தார் டாக்டர். "கழுத்துல துளை போடலைன்னா ராத்திரி தாங்காது. ஆனா அவர் சரின்னு சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

சரி என்றால் ஒரே ஒரு தட்டு தட்டுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். விரல் மூச்சு வாங்க நிற்கும், மறுபடியும் படபடவென்று தட்டும். ஒரு தட்டோடு அது நிற்கவே இல்லை. திரை மட்டும் நிதானமாக வேண்டாம் என்றது.

கம்ப்யூட்டரையும் அந்தப் பெட்டியையும் விற்ற பெட்டிக்காரரைப் போனில் பிடித்து, விரல் நின்ற பிறகும் எழுத்து வருவதைச் சொன்னாள்.

"எழுத்தெல்லாம் உள்ள வரிசையில நின்னு மெதுவாத்தாம்மா வரும்," என்று சிரித்தார். "அதுக்கு என்ன வயசு! ஆனா யானை படுத்தாலும் குதிரை மட்டம், பயப்படாதே."

"அண்ணே, விளையாடாதீங்க. வேண்டாம்னு சொன்னது அப்பாதானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஒரு மணி நேரம்தான் இருக்கு."

சிரிப்பு நின்றது. "சரி. பின்னாடி ஒயரைக் கழட்டு. ரெண்டாவது ஊசியையும் மூணாவது ஊசியையும் ஒரு கிளிப்பால சேர்த்துத் தொடு. நீ அடிக்கிறது உனக்கே திரும்பி வரணும். வந்தா அந்த சாக்கெட், அதான் போர்ட், நல்லா இருக்கு."

மேஜையை இழுத்தாள். துருவேறிய திருகாணிகள் நகத்தைப் பெயர்த்துக்கொண்டுதான் விட்டன. ஒரு கையால் கிளிப்பை அழுத்தி, மறு கையால் 'அப்பா' என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தாள். இல்லை.

"எந்த சாக்கெட்மா? மேலயா, கீழயா?"

"கீழ."

"அது ரெண்டாவது. நான் போட்டுக்கொடுத்த புரோகிராம் ஒண்ணாவதை மட்டும்தான் கேட்கும். கீழ எதை மாட்டினாலும் அதுக்குக் காதே கேட்காது. எப்ப மாத்தி மாட்டினே?"

மாற்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கையாலேயே திருகியது. மேல் சாக்கெட்டில் கடையிலிருந்து வந்த ரப்பர் மூடி அப்படியே இருந்தது. அன்று திரையில் 'மகளே' என்று வந்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"அப்ப இத்தனை நாளும் ஒரு எழுத்துகூட வந்திருக்காதேம்மா," என்றார் பெட்டிக்காரர்.

ஒயர் அவள் கையில் இருந்தது. திரையில் எழுத்து விழுந்தது.

*அதை மாட்டாதேம்மா.*

போன் கைநழுவியது. மூடியைப் பல்லால் கடித்துப் பிடுங்கினாள். ஒயரை ஒன்றாம் போர்ட்டில் செருகி அழுத்தினாள்.

கட்டிலில் விரல் தட்டியது. கூடவே எழுத்து வந்தது. தட்டத் தட்ட, பிசகாமல்.

*கூட்டிட்டுப் போ கூட்டிட்டுப் போ கூட்டிட்டுப் போ*

இரண்டு வருடமாக இதையேதான் தட்டிக்கொண்டிருந்தாரா? "ஐயோ, அப்பா!" என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு ஓடினாள். "கூட்டிட்டுப் போறேன்பா. இப்பவே!"

விரல் நின்றது.

பொத்தானை விட்டு மேலே எழுந்தது. அழுத்த மட்டுமே தெரிந்த விரல். பின்பக்கமாக வளைந்தது. மெல்ல. இன்னும் கொஞ்சம். அதைத் தொட்டுக்கொண்டு யாரும் இல்லை. எதுவும் இல்லை. நகம் புறங்கையைத் தொட்டது. ஒரு சின்னச் சத்தம். அப்பாவின் கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

அவளுக்குப் பின்னால் திரையில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

*விரல் வலிக்குது. கொஞ்சம் நீயும் பிடிம்மா.*