மூன்று கேமராவும் ஒரு ஹெல்மெட்டும்

விடிந்தும் விடியாத நேரத்தில் ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்தினான் வீரமலை. வெள்ளம் வடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஆற்றில் மணலும், ஆள் உயரத்துக்கு நாணலும், அதற்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மாட்டுத் தடமும்தான் மிச்சம். இடது கைப் பக்கம் தொலைவில் ரயில் பாலம் பனிக்குள் பாதி மறைந்து நின்றது. பொன்மலைப் பணிமனையில் வாரம் பூராவும் ரயில் பெட்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை இந்த மணலில் வண்டியை விரட்டுவது ஒன்றுதான் கொண்டாட்டம்.

அவன் மனைவி யமுனாவுக்கோ அது துளியும் பிடிக்காத சமாச்சாரம்.

"தனியா போறீங்க. எங்கயாவது விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும் சொல்லுங்க?" என்று மல்லுக்கு நின்றவள், கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். ஹெல்மெட்டில் கேமரா மாட்ட வேண்டும். எந்த வழியில் போனான், எப்படி ஓட்டினான் என்பதை வீட்டுக்கு வந்ததும் அவள் முழுசாகப் பார்ப்பாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவள் அவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவுவது நடக்காத காரியம்.

பாலக்கரையில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் பீமராவ், கடையிலிருந்து மூன்று கேமராக்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று சதுரப் பெட்டி, ஹெல்மெட்டின் உச்சியில் உட்காரும். இன்னொன்று டார்ச் லைட் போல நீளம், பக்கவாட்டில் ஒட்டலாம். மூன்றாவது தீப்பெட்டி அளவுக் குட்டி, தாடைப் பகுதிக்கானது.

"ஓட்டிப் பாரு தம்பி. எது ஒத்துவருதோ அதை வெச்சுக்க. மத்தது ரெண்டும் மூணு வாரத்துல கீறல் விழாம வரணும், அவ்ளோதான்."

கேமராவுக்கு இவ்வளவு யோசித்தவன் ஹெல்மெட்டுக்குக் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அது போன மாதம் இதே மணலில், நாணல் வேரில் மாட்டிக் கிடந்தது. நல்ல விலையுள்ள சாமான். முன்னால் தாடை நீண்டு, மேலே வெயில் மறைக்கும் விளிம்பு வைத்தது. ஆறு கொடுத்ததை ஏன் விட வேண்டும் என்று எடுத்து வந்து, ஷாம்பு போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்தான். எத்தனை முறை கழுவியும் சேற்று வாடை மட்டும் போகவில்லை. யமுனா கேட்டபோது, பீமராவ் அண்ணன் கொடுத்தது என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான்.

அன்று காலை சதுரப் பெட்டியை உச்சியில் மாட்டிக்கொண்டு மணலில் இறங்கினான். எங்கும் பிசகாமல் ஓட்டி முடித்து, பசியோடு வீடு திரும்பினான்.

இட்லித் தட்டை மடியில் வைத்தபடியே யமுனா படத்தைப் பார்த்தாள். குலுக்கல் அதிகம் என்றாள். வானம்தான் நிறையத் தெரிகிறது என்றாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, இங்க எதுக்கு லெஃப்ட்ல திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டுறீங்க?"

நாணல் விலகிப் பாதை மேடேறும் இடம் அது. இடப்பக்கம், பழைய காலத்தில் மணல் அள்ளிய குழி ஒன்று புதருக்குள் ஒளிந்திருக்கும். அந்த இடம் வந்ததும் படம் மெல்ல இடது பக்கம் திரும்பியது. பாலத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"நான் எங்க பாத்தேன்? அந்த மேட்டுல கண்ணை அந்தாண்ட எடுத்தா சாய்ஞ்சிருவேன். கேமராதான் லூஸாகித் திரும்பியிருக்கும்."

அடுத்த வாரம் நீளமானதைப் பக்கவாட்டில் அழுத்தி ஒட்டினான். பசை பிடிக்க ஒரு நாள் முழுக்க விட்டு, கையால் இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கிளம்பினான்.

அதே மேடு. அதே இடது பக்கம். பாலத்தின் மேல் ஒரு ரயில் போயிற்று. அதன் கடைசிப் பெட்டி மறையும் வரை படம் அதன் கூடவே நகர்ந்தது.

யமுனா திரையின் ஓரத்தை விரலால் தொட்டாள். "ஹெல்மெட்டோட விளிம்பு தெரியுதுல்ல? கேமரா கழண்டு திரும்பியிருந்தா இது ஃப்ரேமை விட்டுப் போயிருக்கணும். இது இருந்த இடத்துலயே இருக்கு. திரும்புனது உங்க தலைங்க."

வீரமலை திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நேராகப் பார்த்துத்தான் ஓட்டினான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"இந்த ஹெல்மெட்டை பீமராவ் அண்ணன் எங்கேருந்து எடுத்தாராம்?"

"நான் கேட்டுச் சொல்றேன், விடேன்."

அவள் விடவில்லை என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

கேமராக்களைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்கு முந்தின நாள், மூன்றாவதையும் ஓட்டிப் பார்க்க, வேலை முடிந்து நேராகக் கொள்ளிடத்துக்குப் போனான். யமுனாவிடம் சொல்லவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. குட்டிக் கேமராவைத் தாடையில் பொருத்தி, ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்கு அடியில் வாரை இரட்டை வளையத்தில் நுழைத்து இறுக்கினான். சேற்று வாடை அன்று வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. இப்போதுதான் ஆற்றிலிருந்து எடுத்தது போல உள்ளே நெற்றியில் ஈரம் பட்டது.

இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

பாதி வழியில் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

தன் மூச்சுதான் என்று முதலில் நினைத்தான். மூடிய ஹெல்மெட்டுக்குள் மூச்சு பெரிதாகக் கேட்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சோதித்துப் பார்க்க, மூச்சை அடக்கினான்.

மூச்சு நிற்கவில்லை.

மேடு வந்தது. வண்டியைத் திருப்பிவிட நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் அவன் தலை இடது பக்கம் திரும்பியது.

கழுத்தை வலது பக்கம் இழுத்தான். அது வரவில்லை. தாடையையும் காதையும் இரண்டு உள்ளங்கைகள் கவ்விப் பிடித்திருப்பது போல் இருந்தது. பாதை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. முன்சக்கரம் எதிலோ இடறி, புதரைக் கிழித்துக்கொண்டு, வண்டியோடு அவன் குழிக்குள் போனான்.

கண் விழித்தபோது வலது கால் வண்டிக்கு அடியில் இருந்தது. மணல் ஈரமாக இருந்தது. அசைய அசைய அது இடுப்பு வரைக்கும் இறுகியது. போன் எங்கோ முதுகுக்குக் கீழே, மணலோடு மணலாகப் போய்விட்டது. தலை மட்டும் இடது பக்கம் திரும்பியபடி, நாணல் விலகிய ஒரு சின்ன இடைவெளி வழியே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாரைத் தேடினான். வளையம் விரலில் பட்டது. வார் தண்ணீரில் ஊறிப் புடைத்து, கல்லாக இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

"யாராவது இருக்கீங்களா?"

கத்தல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றி அவன் காதிலேயே வந்து விழுந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. பாலத்தில் ரயில் ஒன்று வந்தது. சன்னல்களில் எல்லாம் மஞ்சள் வெளிச்சம். அந்தத் தூரத்திலும், கதவோரம் ஒருவன் நின்று போன் பேசுவது தெரிந்தது. அவன் சட்டையின் வெள்ளைகூடத் தெரிந்தது. வீரமலை கையைத் தூக்கி ஆட்டினான். கை நாணலுக்கு மேலே எட்டவில்லை.

ரயில் போயிற்று.

அப்போது காதோரம், மூச்சோடு மூச்சாக, ஒரு குரல் கேட்டது. களைத்துப்போன ஆண் குரல். அதில் கோபமே இல்லை.

"பாக்க மாட்டாங்க."

வீரமலைக்கு அப்போது புரிந்தது. இதே இடத்தில், இதே ஹெல்மெட்டுக்குள், இதே பக்கம் பார்த்தபடி ஒருவன் கிடந்திருக்கிறான். ஒவ்வொரு ரயிலையும் பார்த்திருக்கிறான். வெள்ளம் வரும்வரை பார்த்திருக்கிறான். இப்போது தானும் பார்க்க வேண்டும். வாய்விட்டு அழுதான். யமுனாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தோமே என்று நினைத்து நினைத்து அழுதான். கூட இருந்த மூச்சு அவன் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தது.

அடுத்த ரயில் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மணல் நெஞ்சுக்கு ஏறியிருந்தபோது நாணலுக்கு அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம் அலைந்தது.

"அண்ணே, படத்துல பாலம் இப்படித்தான் தெரியும். இந்த இடமேதான். அதோ, சிவப்பா மினுக்குது பாருங்க!"

யமுனாவின் குரல். தாடையில் இருந்த கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கைத்தான் அவள் பார்த்திருந்தாள். பொழுது சாய்ந்தும் அவன் வராததால் அவள் பீமராவுக்குப் போன் செய்திருக்கிறாள். ஹெல்மெட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறாள். "நான் எந்த ஹெல்மெட்டும் கொடுக்கலையேம்மா" என்று அவர் சொன்னதும், அதன் சேற்று வாடை ஆற்றை நினைவூட்ட, அவரையே வண்டி எடுக்கச் சொல்லிக் கிளம்பி வந்துவிட்டாள். இரண்டு வாரமாகப் பார்த்த படங்கள் அவளுக்கு வழி காட்டின.

இருவரும் கையால் மணலைப் பறித்தார்கள். பீமராவ் கத்தியால் வாரை அறுத்து, ஹெல்மெட்டை உருவிக் குழிக்கு வெளியே வீசினார். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தபோது வீரமலைக்கு உயிர் வந்தது. தலை தானாக நேரே திரும்பியது. பிறகு பீமராவ் வண்டியை நெம்பித் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அதற்கு அடியில், மணலுக்குள்ளிருந்து, துருப்பிடித்த இன்னொரு வண்டியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் போலீஸ் வந்து தோண்டியது. வண்டி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. ஹெல்மெட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குட்டிக் கேமராவை மட்டும் பீமராவ் கழற்றி வாங்கி வந்தார்.

காலில் மாவுக்கட்டோடு பொன்மலைக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்த அன்று மாலை, யமுனா லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தயங்கினாள்.

"காட்ட வேணாம்னுதான் இருந்தேன். ஆனா நீங்க பாக்கணும்."

ஹெல்மெட் மணலில் வீசப்பட்ட பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. படத்தில் சாய்ந்த நாணல், டார்ச் வெளிச்சம், தூரத்தில் பாலம். வலது ஓரத்தில், யமுனாவும் பீமராவும் அவனைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு போகிறார்கள். பாலத்தில் ஒரு ரயில் வந்தது. அது போய் முடிந்ததும் பாலத்தில் இருட்டு.

அதன் பிறகு படம் திரும்பத் தொடங்கியது.

மெதுவாக. யோசித்து யோசித்து. இந்த முறை வலது பக்கம்.

பாலம் ஃப்ரேமை விட்டுப் போயிற்று. டார்ச் வெளிச்சத்தில் நொண்டி நொண்டிப் போகும் வீரமலையின் முதுகு நடுவில் வந்து நின்றது. அவன் கரையேறி மறையும்வரை படம் அசையவே இல்லை.

"ஹெல்மெட்டுக்குள்ள தலையே இல்லீங்க" என்றாள் யமுனா. "அப்புறம் யாரு திருப்புனா?"

"யமுனா, ஏன் இவ்வளவு மெதுவா பேசுற? தூரமா கேக்குது."

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

வீரமலைக்கு வியர்த்தது. தன் மூச்சு தன் முகத்திலேயே சூடாகப் பட்டுத் திரும்புவதை உணர்ந்தான். அறை முழுக்கச் சேற்று வாடை. யமுனாவுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

"வேர்த்துக் கொட்டுதே" என்று அவள் முந்தானையால் அவன் கன்னத்தைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

கை கன்னத்துக்கு வரவில்லை. இரண்டு விரற்கடை தள்ளியே எதிலோ முட்டி நின்றது.

டொக்.

அந்தச் சத்தத்தை அவன் உள்ளேயிருந்து கேட்டான்.

யமுனா கையை இழுத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடி அதே சத்தம். அவள் விரல் நுனிகளில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

பணிமனைப் பக்கம் ரயில் ஒன்று ஊதியது. வீரமலையின் தலை இடது பக்கம் திரும்பத் தொடங்கியது. அவன் அவளைக் கூப்பிட்டான். அவள் உதடுகள் அசைந்தன, அழுகை தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் அவன் தாடைக்குக் கீழே கொண்டுபோய், ஒன்றுமில்லாத இடத்தில் பித்துப் பிடித்தவள்போல் அவள் தடவித் தடவித் தேடினாள்.

வார் அவள் கையில் அகப்பட்டது. தண்ணீரில் ஊறி, இறுகிப் போயிருந்தது.