மூக்கில்லாத வண்டு

வியாழக்கிழமை மாலை 6.20-க்கு அந்த வீட்டில் குற்றம் நிரூபிக்கப்பட்டது. துப்பறிவது மட்டும்தான் பாக்கி.

நிரூபித்தவர் வீட்டுத் தலைவர். ஒரு பள்ளியின் துணை முதல்வர். மாணவன் காலுறைக்குள் ஒளித்த துண்டுச்சீட்டை வராந்தாவில் நடந்துபோகும்போதே மோப்பம் பிடித்துவிடுவார் என்பது ஊரறிந்த செய்தி. ஊருக்குச் சொன்னவரும் அவர்தான். அன்று அவர் தன் அம்மாவின் பெட்டியைத் திறந்து, மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து நான்கு பிஸ்கட் பாக்கெட்டுகளை எடுத்தார். சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக அடுக்கினார். அசல் கோதுமை பிஸ்கட்.

கஞ்சா பிடிபட்ட வீட்டில்கூட இவ்வளவு அமைதி இருந்திருக்காது.

காரணம் இருந்தது. அவர் மனைவிக்குக் கோதுமை ஆகாது. அவள் பதிவு அலுவலகம் ஒன்றில் ஆவண அறை எழுத்தர். ஆறு மாதத்துக்கு முன் வயிற்றுவலி, உப்பசம், படி ஏறினால் மூச்சு வாங்கும் ரத்தசோகை என்று டாக்டரிடம் போனாள். செலியாக் நோயாக இருக்கலாம் என்றார் அவர். ரத்தம் ஆமாம் என்கிறது. குடலில் கிள்ளி எடுத்த சதை மழுப்புகிறது. கோதுமையும் பார்லியும் தூசியளவுகூட உள்ளே போகக் கூடாது, ஆறு மாதம் பார்ப்போம் என்றார்.

‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை. அவளால் ஒரு நாற்காலியில் முழுசாகப் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. பற்பசைக் குழாயின் முதுகைப் படித்தாள். மாத்திரை அட்டையைப் படித்தாள். உதட்டுச் சாயத்தைத் தூக்கிப் போட்டாள். தோழி வீட்டு விருந்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவள் ஒவ்வொரு கரண்டியாக எது எந்தப் பாத்திரத்துக்குப் போகிறது என்று காவல் காத்துவிட்டுப் பட்டினியாகத் திரும்பினாள். பலன் இருந்தது. மூன்று மாதத்தில், ரத்தத்தில் நோயைக் காட்டும் கணக்கு பாதியாக இறங்கியது.

நான்காம் மாதம் மாமியார் வந்தார். கணக்கு மறுபடி ஏறத் தொடங்கியது.

துணை முதல்வருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அறையின் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, தேதி வாரியாக மனைவியின் வயிற்றுவலியைச் சிவப்பு மையில் குறித்தார். முதல் கட்டத்தில் ‘அம்மா வருகை’ என்று அடிக்கோடிட்டார். சான்றுகளும் சேர்ந்தன. ஒன்று, வந்த அன்றே அம்மா, “கோதுமை தின்னா வயிறு கெட்டுப்போகுமா, புதுசா இருக்கே” என்று சொன்னது. இரண்டு, போன வாரம் மனைவியின் கைப்பையில் கிடைத்த ஒரு செம்பழுப்பு வண்டு. மாவில் வரும் சாதி. கண்ணாடிக் குப்பியில் பத்திரமாக இருந்தது. மூன்று, இந்த பிஸ்கட். ஆக, நோயை நம்பாத அம்மா, அது வெறும் நடிப்பு என்று காட்டுவதற்காகச் சமையலில் மாவு கலக்கிறார்.

தீர்ப்பும் தயார். முதியோர் இல்லத்தில் சன்னலோரக் கட்டில் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கார் வரும்.

அம்மா ஒரு கேள்விதான் கேட்டார். பெரிய பெட்டியை எடுத்துக்கொள்வதா, சின்னதா?

பின்னால் சொந்தபந்தம் பேசக் கூடாதே என்று துணை முதல்வர் மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டார். சாட்சியாக வந்து நின்றால் போதும் என்றார்.

அண்ணனுக்கு வேலை செய்யும் இடத்தில் பெயர் ‘காது’. குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிப்பவன். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, ஆறடிக்குக் கீழே எந்தக் குழாய் அழுகிறது என்று சொல்லிவிடுவான். ஈரம் தெரிகிற இடத்தில் தோண்டுகிறவன் முட்டாள் என்பது அவன் கட்சி. தண்ணீர் ஓரிடத்தில் ஒழுகி வேறிடத்தில் தலைகாட்டும்.

வெள்ளி, காலை 7.05. காது நேராகச் சமையலறைக்குப் போனான். மாமியார் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, நீங்கதான் கலந்தீங்களா?”

அவர் துணியைக் கீழே வைத்தார். “ரெண்டு வாரமா எல்லாரும் என் கையையே பாக்கறாங்க. வாயைத் திறந்து கேட்டது நீதான் தம்பி. இல்ல. கலக்கல.”

“பிஸ்கட்?”

“நாப்பது வருஷப் பழக்கம். விட முடியல. தெருமுனை பெஞ்சுல உக்காந்து தின்னுட்டு, மீதிய அங்கயே காவல்காரருக்குக் குடுத்துருவேன். பிரிச்ச பாக்கெட் இந்த வாசப்படி ஏறினதில்ல.”

நான்கு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தான். எதுவும் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் முடிச்சுப் போட்டுக் கிடந்தது.

அடுத்து வண்டு. துணை முதல்வர் குப்பியைத் தங்கப் பதக்கம்போல் நீட்டினார். அரிசி டின்னில் வருகிற வண்டாக இருக்கலாமே என்றான் காது. பதில் சொன்னது மாமியார்.

“அரிசி வண்டுக்கு யானை மாதிரி மூக்கு இருக்கும். இதுக்கு மூக்கு இல்ல. இது மாவு வண்டு.”

“கேட்டீங்களா மச்சான்?” என்றார் துணை முதல்வர். “குற்றவாளியே ஒத்துக்கறாங்க.”

குற்றவாளி தனக்கு எதிராக இவ்வளவு துல்லியமாகச் சாட்சி சொல்லிக் காது பார்த்ததில்லை. வீட்டின் டின்கள் அத்தனையும் திறந்து, விளக்கடித்து, மூடினான். அரிசியில் இரண்டு மூக்குள்ள வண்டுகள். மூக்கில்லாதது ஒன்றுகூட இல்லை.

காலை 7.50. தங்கை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கிளம்பினாள் என்பதைவிட, அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள் என்பது சரி. காது சுவர்த் தாளின் முன் நின்று கேட்டான். வலி எப்போது வரும்? வேலை நாளில், சாயங்காலத்துக்கு மேல். ஞாயிறு? குறையும். தாளில் ஏழாவது வாரம் முழுக்கச் சிவப்பே இல்லையே? கணினிப் பயிற்சி என்று வேறு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் மதியச் சாப்பாடு? அத்தை கட்டிக்கொடுத்ததுதான்.

துணை முதல்வரிடம் விளக்கம் இருந்தது. ஞாயிறு அவர் வீட்டில் இருப்பதால் குற்றவாளிக்குத் துணிவில்லை. ஏழாவது வாரம் குற்றவாளி ஓய்வெடுத்தார்.

“இப்ப யார் சமையல் சாப்பிடற?” என்று காது தங்கையிடம் கேட்டான்.

அவள் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். இரண்டு வாரமாகத் தனிப் பாத்திரம். தன் கையால் வேகவைத்த சோறும் முட்டையும் மட்டும்.

“வலி நின்னுச்சா?”

“இல்லண்ணா.”

உப்பில் கலந்திருப்பார் என்றார் துணை முதல்வர்.

அவள் தண்ணீர் குடித்து முகம் சுளித்தாள். நாக்கு நுனியில் பிளேடு பட்டதுபோல் மெல்லிய கீறல்கள் இருந்தன. பல் பட்டிருக்கும் என்றாள். காது வண்டுக் குப்பியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

காலை 11.15. பதிவு அலுவலகம். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகக் காது சொன்னான். அவன் அடையாள அட்டையைப் பார்த்ததும் தலைமைப் பதிவாளர் தானே வழிகாட்ட வந்துவிட்டார். தனக்கு முன் இந்த அலுவலகம் இருண்ட காலத்தில் இருந்தது என்றார். ஆவண அறை வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. இதைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது. குடிநீர்ப் புட்டி, ஸ்பாஞ்சுக் கிண்ணம், எதுவுமே கூடாது. ஒரு பதிவேட்டில் தண்ணீர் கொட்டியதும் அவர் போட்ட முதல் உத்தரவு அது. இரண்டாவது உத்தரவு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது: கடையில் வாங்கும் ஒட்டுச்சீட்டுகள் இனி இல்லை, பழைய தாள்களை வெட்டி அலுவலகத்திலேயே தயாரிக்க வேண்டும். மூன்று மாதமாகிறது. கழிவு ஒழிப்பில் மற்ற அலுவலகங்கள் தன்னைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று தாம் நினைப்பதாக, மிகுந்த தயக்கத்துடன், மூன்று முறை சொன்னார்.

உள்ளே தங்கை வேலையில் இருந்தாள். ஒரு நாளைக்கு எண்பது கோப்புகள். இழுப்பறையிலிருந்து சீட்டு எடுப்பாள், ஒட்டுவாள், உள்ளங்கையால் தட்டுவாள், எண் எழுதுவாள். காது கதவோரம் நின்று ஐந்து கோப்புகள்வரை பார்த்தான். அவள் எழுந்து அலமாரிக்குப் போனதும் இழுப்பறையைத் திறந்தான். சீட்டுக் கட்டின் ஓரம் அரித்துப்போயிருந்தது. ஓர் ஓரத்தில் ஏதோ நகர்ந்தது. சட்டைப் பையிலிருந்த குப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

பிறகு பின்கட்டில், பதிவேடுகளைத் தைத்து அட்டை போடும் பைண்டரின் அறைக்குப் போய் இரண்டு நிமிஷம் பேசினான். தலைமைப் பதிவாளரிடம், ஈரம் இருக்கிறது, ஆனால் சுவரில் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சனி, மாலை 4.35. பெரிய பெட்டி வாசலில் இருந்தது. மாமியார் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தங்கை ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். துணை முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். காது சாட்சி சொல்ல வேண்டிய நேரம்.

காது மேசைமேல் ஒரு காகித உறையை வைத்தான். பக்கத்தில், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த நான்கைந்து சீட்டுகள்.

“இதுல ஒரு சீட்டை ஒட்டும்மா.”

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். இருந்தாலும் கை தானாகப் போனது. சீட்டை எடுத்தாள். திருப்பினாள். நாக்கு நுனி வெளியே வந்தது.

காது அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அப்படியே நில்லு. எல்லாரும் பாத்துக்குங்க. இதான் கை, இதான் நாக்கு. அத்தை கை இதுல எங்கயும் இல்ல.”

சீட்டு அந்தரத்தில் நின்றது. அவளுக்குப் புரியச் சில நொடிகள் பிடித்தன. புரிந்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு வாயைக் கையால் பொத்தினாள்.

காது வரிசையாகச் சொன்னான். கடைச் சீட்டு நின்றுபோனதும் பைண்டர் வேலை செய்யும் முறையிலேயே சீட்டு தயாரானது: மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, தாளின் முதுகில் பூசி, காயவைத்து, வெட்டுவது. மைதா என்றால் கோதுமை. அதிலும் சலித்தெடுத்த கோதுமை. காய்ந்த பசையை ஒட்டவைக்க ஈரம் வேண்டும். ஈரத்துக்குச் சிவப்புக் கோட்டில் தடை. ஆவண அறைக்குள் அனுமதியோடு போகிற ஒரே தண்ணீர் எழுத்தரின் வாயில் இருக்கிறது. எனவே நாளைக்கு எண்பது தடவை, வேலை நாளெல்லாம், ஆள் வைத்து ஊட்டாத குறையாக அவளே சாப்பிட்டிருக்கிறாள். நாக்கில் கீறியது பல் இல்லை, தாளின் விளிம்பு. பயிற்சி வாரத்தில் சீட்டு இல்லை, வலியும் இல்லை. தனிப் பாத்திரத்தில் வேகவைத்தும் நிற்காததற்கும் காரணம் அதுதான்.

துணை முதல்வர் அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை. குப்பியைச் சுட்டினார். மாவு வண்டு என்று அம்மாவே சொன்னாரே?

“சொன்னாங்க. உண்மையைத்தான் சொன்னாங்க. நீங்க அதைக் கேட்டீங்க மாப்பிள்ளை, எங்கருந்து வந்ததுன்னு கேக்கல. கைப்பையில கிடைச்ச வண்டு வீட்டுலருந்து ஆபீசுக்குப் போச்சுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அது ஆபீசுலருந்து வீட்டுக்கு வந்தது. இந்தச் சமையலறைல மூக்கில்லாத வண்டு ஒண்ணுகூட இல்ல. அவ இழுப்பறைல குடும்பமே இருக்கு. பைண்டர் எப்பவும் பசைல மயில்துத்தம் போடுவாராம், விஷம், பூச்சி வராது. இயற்கை முறைல செய்யணும்னு தலைமைப் பதிவாளர் நிறுத்திட்டாரு. அந்த ஒரு விஷயத்துல பெரியவருக்கு நன்றி சொல்லணும். துத்தத்தையும் சேத்து நக்கியிருந்தா இவளுக்கு வலியோட போயிருக்காது.”

துணை முதல்வர் சுவர்த் தாள் இருந்த அறைப் பக்கம் பார்த்தார். தன் விளக்கப்படம் ஒரு விதத்தில் விசாரணைக்குப் பெரிதும் உதவியிருக்கிறது என்று சொல்லத் தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

4.58. கீழே கார் ஹாரன் அடித்தது.

மாமியார் எழுந்து நின்றார். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். மகன் அவசரமாகக் குறுக்கே வந்து, தவறு எல்லாருக்கும் நேர்வதுதான், காரை அனுப்பிவிடலாம், கட்டிலைத் தானே ரத்து செய்துவிடுவதாகச் சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பார்வை மருமகள்மேல் இருந்தது.

“அவன் சொன்னதை விடு. நீ என்ன நெனச்ச?”

மருமகள் முதன்முறையாக ஓரிடத்தில் நின்றாள். பொய் சொல்லலாம், சொல்ல எளிதான பொய்தான்.

“நம்பல அத்தை. நீங்கதான்னும் நம்பல, நீங்க இல்லன்னும் நம்பல. பயமா இருந்துச்சு. எதைத் தொட்டாலும் பயமா இருந்துச்சு. அதான் தனியா வேகவெச்சேன்.”

“நான் போடற சோத்தைப் பாத்துட்டுத் தனியா உலை வெச்ச. அது எனக்கு, இவன் பிஸ்கட்டை மேசைல அடுக்கினதை விட வலிச்சுது.”

“தெரியும்.”

ஹாரன் மறுபடி அடித்தது. காது ஜன்னலில் எட்டி, வர வேண்டாம் என்று கையாட்டலாமா என்ற கேள்வியோடு திரும்பிப் பார்த்தான். அந்த முடிவு தன்னுடையதில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

மருமகள் வந்து பெட்டியின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்தாள். தூக்கவில்லை; பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

“அத்தை, நான் காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல. எதாவது குடுங்க.”

மாமியார் பெட்டியை விட்டார். சமையலறை வாசல்வரை போய்த் திரும்பினார்.

“முதல்ல போய் வாயக் கொப்பளிச்சுட்டு வா.”

“சீட்டு நாக்குல படவே இல்ல அத்தை. அண்ணன் பிடிச்சுட்டாரு.”

“மூணு மாசமா பட்டிருக்குல்ல. போ.”