நான்காம் குமிழின் தீர்மானம்

செவ்வாய்க் கோளின் நான்காம் குமிழ்க் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை என்றால் கால் கழற்றும் நாள். முன்னாள் படைவீரர்கள் சங்கக் கூடத்துக்கு வந்து, மின்கால்களைக் கழற்றி மின்னேற்றச் சுவரோரம் மாட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மின்னேறி முடியும்வரை ஒருவரும் எழுந்து போக முடியாது. அதனாலேயே சங்கத் தலைவர் கேப்டன் மருதப்பன் எல்லாத் தீர்மானங்களையும் அந்த நேரத்தில் நிறைவேற்றிவிடுவார்.

சுபேதார் இருதயராஜுக்கு இடது கால் கானிமீடில் போனது. வியாழனின் அந்தத் துணைக்கோளை ஒரு கொடுங்கோலன் ஆள்கிறான், மக்களை மீட்க வேண்டும் என்று பூமி படை அனுப்பியது. "நீங்க வந்து இறங்குனா போதும், எங்க ஜனங்க பூத்தூவி வரவேற்பாங்க" என்று அங்கிருந்து தப்பி வந்த பிரமுகர் ஒருவர் சத்தியம் செய்தார். இறங்கினார்கள். குண்டுதான் வரவேற்றது. கானிமீடில் பூவே கிடையாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கொடுங்கோலனை விரட்டிவிட்டு அந்தப் பிரமுகரையே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் செய்த அழிச்சாட்டியத்தில் முன்னவன் நல்லவனாகிவிட்டான்.

இந்த வெள்ளிக்கிழமை காலை வந்த செய்தி வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கானிமீடு மக்கள் ஓட்டுப் போட்டு, பழைய கொடுங்கோலனின் மகனையே கொண்டுவந்துவிட்டார்கள்.

"அப்ப என் கால் எதுக்குப் போச்சு?" இருதயராஜ் டம்ளரை ஓங்கி வைத்தார். "அடுத்தவன் வீட்டு விவகாரத்துல நமக்கென்ன வேலை?"

"கரெக்டா சொன்னே சுபேதார். இனிமே எவனும் அந்தத் தப்பைப் பண்ணக் கூடாது" என்றார் மருதப்பன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா பக்கத்துல இருக்கிற இந்த அஞ்சாம் குமிழ் விஷயம் வேற. அங்க நிர்வாகி தண்ணியை அடைச்சு வச்சு ஜனங்களை வாட்டுறான். நாம போய் அவனைத் தூக்கிட்டா அந்த ஜனங்க நிம்மதியா இருப்பாங்க."

இருதயராஜுக்குத் திக்கென்றது. அவருடைய ஒரே மகள் பிலோமினா ஐந்தாம் குமிழின் காவல் படையில் இருந்தாள்.

"கேப்டன், இப்பத்தானே வேணாம்னு பேசினோம்! அங்க என் பொண்ணு துப்பாக்கியோட வாசல்ல நிக்கிறா!"

"நல்லதாப் போச்சு. கதவைத் திறந்து விடுமில்ல?"

எழுந்து போய்விடலாம் என்றால் கால் சுவரில் தொங்கியது. அவர் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை மின்னேற்றிக்கொண்டு நேராகப் புறப்பாடு என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தும் இருதயராஜுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பேசிப் பார்த்தாயிற்று, கத்திப் பார்த்தாயிற்று. தேர்தலில் நிற்கலாம் என்றால், ஓட்டை எண்ணுகிறவரும் மருதப்பன்தான். மகள் சாகப் போகிறாள் என்ற நினைப்பே அவரை உலுக்கியது. போனை எடுத்தார்.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள் பிலோமினா.

"அதை விடும்மா. உங்க நிர்வாகிகிட்ட உடனே சொல்லு. இங்க மருதப்பன் அட்டூழியம் தாங்கல. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் காலைக் கழட்டி வச்சிருப்பாங்க. அந்த நேரம் படையோட வந்து அவனைத் தூக்கிடுங்க."

பிலோமினா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாங்க வந்தா உங்க ஆளுங்க சுட மாட்டாங்களாப்பா?"

"சேச்சே!" இருதயராஜ் தன் மின்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "நீங்க வந்து இறங்குனா போதும். எங்க ஜனங்க பூத்தூவி வரவேற்பாங்க."