சுசுவின் நீல டோப்பா

காலை எட்டரை மணிக்கு, சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் பூட்டிய மணமகள் அறைக்குள் இருந்த நீல டோப்பாவைக் காணோம் என்று தெரிந்தது. ஒன்பது மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் அல்போன்சா வந்து சேர்ந்தபோது, டைரக்டர் பாலமுரளி சாப்பாட்டுக் கூடத்தில் கவிழ்த்து வைத்திருந்த சாம்பார் அண்டாமேல் ஒரு காலை ஊன்றி, உலக சினிமாவுக்கு நேர்ந்த இழப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இழப்பு இதுதான். ‘மழைவாள்’ என்ற ஜப்பான் அனிமேயை அவர் நிஜ மனிதர்களை வைத்துப் படமாக எடுக்கிறார். வாள்வீராங்கனை சுசுவாகத் துறையூர் ஆனந்தவள்ளி நடிக்கிறாள். சிலம்பத்தில் மெடல் வாங்கியவள். முந்தின நாள் அவளுடைய வேஷப் படம் நெட்டில் வந்ததும் ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள். சுசு சிவப்பாம், இவள் கறுப்பாம். நீல முடியோடு திருச்சியில் யாரும் பிறப்பதில்லை என்பது மட்டும் ஒருத்தரையும் உறுத்தவில்லை.

“இன்னிக்கு ஷூட்டிங் ஆரம்பிக்கலேன்னா, இந்தக் கூச்சலுக்குப் பயந்து புரொட்யூசர் பொண்ணையே மாத்திடுவார் மேடம். ஹைதராபாத்ல ஆள் ரெடி,” என்றார் பாலமுரளி.

“டோப்பா தொலைஞ்சா டோப்பாவைத்தானே சார் மாத்தணும்?” என்றாள் மரவாளோடு மூலையில் உட்கார்ந்திருந்த ஆனந்தவள்ளி. டைரக்டர் காதில் அது விழவில்லை. உலக சினிமாக்காரர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அல்போன்சா மாடியேறினார். பூட்டு உடையவில்லை. அறையில் இருந்த விலையுயர்ந்த கேமராவைக்கூட யாரும் தொடவில்லை. துணிக்கடை பொம்மைமேல் சுசுவின் அங்கி. தலை மட்டும் மொட்டை. அங்கியின் இடது மடிப்பு மேலே வந்து, சுவரில் இருந்த அனிமே போஸ்டரைப் போலவே கச்சிதமாகப் படிந்திருந்தது. அல்போன்சா மொபைலில் நேற்றைய வேஷப் படத்தைத் திறந்தார். அதில் வலது மடிப்பு மேலே. மொபைலை மூடிக்கொண்டு இறங்கி வந்தார்.

சாவி இருந்தது மூன்று பேரிடம்.

“நான் ராத்திரி பொம்மைக்கு மாட்டிப் பூட்டினதோட சரி மேடம்,” என்றாள் காஸ்ட்யூம் ஷெர்லின். “போட்டோவுல எப்படி இருந்துச்சோ அதே மாதிரி.”

“டைரக்டர் சார், நீங்க அங்கியைத் தொட்டீங்களா?”

“துணியெல்லாம் என் வேலை இல்ல. நான் விஷன் மட்டும்தான்.”

மூன்றாமவர் மண்டப மேனேஜர் மாத்ருபூதம். அறுபதை நெருங்கும் வயது, நெற்றி நிறையத் திருநீறு. “எனக்குக் கார்ட்டூனெல்லாம் தெரியாதுங்க. முகூர்த்தம், வளைகாப்பு, பந்தி, அவ்வளவுதான். காபி சாப்பிடறீங்களா?”

“அப்புறம் சாப்பிடலாம். ஷெர்லின், அந்த அங்கியை எடுத்துட்டு வாங்க.”

ஆனந்தவள்ளியை நடுவில் நிற்கவைத்து, அல்போன்சா தன் கையாலேயே அங்கியை மாட்டினார். இடது மடிப்பை உள்ளே தள்ளி வலதை மேலே இழுத்தார். ஷெர்லின் சும்மா நின்றாள். டைரக்டர் அண்டாமேல் ஊன்றிய காலை எடுக்காமலே மொபைலைப் பார்த்தார்.

“பிரிங்க மேடம், பிரிங்க,” என்று பதறியது ஒரு குரல். “வலது மேல வந்தா அது ஜப்பான்ல பொணத்துக்குக் கட்டறது. இது உசுரோட நிக்கிற பொண்ணுங்க.”

மாத்ருபூதத்தின் கை அங்கிவரை நீண்டு, அங்கேயே நின்றது.

“கார்ட்டூன் தெரியாதுன்னீங்களே,” என்றார் அல்போன்சா. “நேத்து தப்பா இருந்த மடிப்பு இன்னிக்கு காலைல சரியா இருக்கு. இவங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியல. டோப்பாவை எடுக்க வந்த ஆளுக்கு அந்தத் தப்பை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல. எதிரி அதைச் செய்ய மாட்டான். பக்தன்தான் செய்வான்.”

மாத்ருபூதம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“‘மழைவாளை’ மூணு தடவ முழுசாப் பாத்திருக்கேங்க. முகூர்த்தம் இல்லாத மாசத்துல வேற என்ன பண்றது? நெட்டுல ‘கிழட்டு சாமுராய்’ நான்தான். நேத்து டோப்பாவையும் மடிப்பையும்தான் திட்டினேன். பின்னாடி வந்த கூட்டம் இந்தப் பொண்ணோட நெறத்தைப் பிடிச்சுக்கிச்சு. டோப்பா தொலைஞ்சா நல்லதா வேற வாங்குவாங்கன்னு நெனச்சேன். பொண்ணையே மாத்துவாங்கன்னு கண்டேனா?”

“எங்க இருக்கு?”

“டைரக்டர் சார் காலை எடுத்தார்னா காட்டிடுவேன்.”

அண்டாவை நிமிர்த்தினார்கள். மழையில் நனைந்து காய்ந்த நீலத் துடைப்பம்போல டோப்பா கிடந்தது. 

“இதைப் போட்டா எனக்கே சிரிப்பு வரும் சார்,” என்றாள் ஆனந்தவள்ளி. “என் முடியிலயே நீலம் அடிச்சா என்ன?”

“ஸ்ப்ரே என்கிட்டயே இருக்கு,” என்றாள் ஷெர்லின். “யாரும் கேக்கல.”

பாலமுரளி புகாரை வாபஸ் வாங்கினார். அல்போன்சா கிளம்பும்போது மாத்ருபூதத்திடம் சொன்னார்: “ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். ஆனா நெட்டுல நீங்க கூட்டின கூட்டத்தை நீங்கதான் திருப்பணும்.”

மூன்று மணிக்குக் கொள்ளிடத்து மணலில் ஆனந்தவள்ளி வாளைச் சுழற்றினாள். அவளுடைய சொந்தக் கூந்தல் காற்றில் நீலமாகப் பறந்தது. மாத்ருபூதம் அதை மொபைலில் பிடித்து, ‘நான் திட்டியது டோப்பாவை. சுசு இவள்தான்’ என்று எழுதிப் போட்டார். முதல் பதில் வழக்கமான வசை. இரண்டாவது கொஞ்சம் தாமதித்து வந்தது: ‘மடிப்பு சரியா இருக்கு.’ அந்தக் கூட்டத்தின் அகராதியில் இதற்குமேல் பாராட்டு கிடையாது. பிறகு அதே மாதிரி இன்னும் நாலைந்து வந்தன.

பாலமுரளி எட்டிப் பார்த்தார். “எல்லாம் என் விஷன்,” என்றார்.

இந்தத் தடவை காதில் விழாதது ஆனந்தவள்ளிக்கு. அவள் அடுத்த டேக்குக்கு வாளை ஓங்கிவிட்டாள்.